மூன்றாவது முடிச்சுக்குக் கீழே

என் தங்கை ரூய்லியானின் கையில் ஊசி இருப்பதை எந்தக் குழந்தையும் பார்த்ததில்லை. பார்த்த தாய்மாரும் குறைவு. எங்கள் ஹேவான் ஊர்ச் சுகாதார நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் அவள் குழந்தைகளுக்கு ஊசி வைத்தியம் செய்தாள். மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த, அரை விரல் நீளமுள்ள வெறும் ஊசி. பெரியவர்களுக்கு அதைக் குத்தி அரை மணி நேரம் அப்படியே விட்டுவைப்பார்கள். குழந்தை அசையாமல் இருக்குமா? அதனால் குழந்தைக்கு உள்ளே போன ஊசி அதே மூச்சில் வெளியே வந்துவிட வேண்டும்.

சோறு இறங்காமல் வயிறு உப்பிக் கை கால் மெலிந்து வரும் குழந்தைகள்தான் அதிகம் வரும். தங்கை அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கடா உன் கன்னம்? யாரு தின்னா?" என்று கேட்பாள். குழந்தை அவள் வாயையே பார்க்கும். அதற்குள் நான்கு விரல்களின் நடுக்கோடுகளிலும் குத்தி, மஞ்சள் கலந்த பசை போன்ற நீரைப் பிதுக்கி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். "எப்ப டாக்டர் குத்தப் போறீங்க?" என்று தாய் கேட்பாள். அப்போதுதான் குழந்தைக்கும் நினைவு வந்து அழத் தொடங்கும்.

நான் தையல்காரி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஊர்த் தையல் கூட்டுறவுக் கூடத்தில் ஊசியோடு ஒரு ஆயுளைக் கழித்தவள். ஒருநாள் அவள் அறையின் மூலையில் உட்கார்ந்து காலை முதல் மதியம்வரை வந்த இருபத்தேழு குழந்தைகளையும் கவனித்தேன். ஊசி தோலுக்குள் போகும் கணத்தை ஒருமுறைகூட என் கண்ணால் பிடிக்க முடியவில்லை.

இது பிறவியில் வந்த கை அல்ல. வைத்தியப் பள்ளியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்த குளிர்காலம் முழுவதும் அவள் தக்காளி போலிருக்கும் சீமைப்பனிச்சைப் பழத்தோடு மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பழம் கனிந்தால் தோல் ஈரத்தாள் போல ஆகிவிடும். அப்படிப்பட்ட பழத்தை ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஊசியால் குத்துவாள். பழம் அசையக்கூடாது, தண்ணீரில் வளையம் விழக்கூடாது, எடுத்த பிறகு சாறு கசியக்கூடாது. முதல் மாதம் வீடு முழுக்கப் பழச்சாறு. கசிந்த பழத்தையெல்லாம் நான்தான் தின்றேன். "அக்கா, நீ குண்டாகிட்டா நான் தேறலன்னு அர்த்தம்" என்பாள். வசந்தம் வருவதற்குள் நான் மெலிந்துவிட்டேன்.

அவளிடம் நான் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். என் தொழிலில் ஊருக்கெல்லாம் ஒரே அளவு நாடா. மாவட்டத் தலைவருக்கும் அதே அங்குலம், மாடு மேய்ப்பவனுக்கும் அதே அங்குலம். அவள் தொழிலில் அப்படி இல்லை. குத்த வேண்டிய இடத்தை அந்தந்த உடம்பின் கட்டைவிரல் அகலத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். பிறந்து முப்பது நாளான குழந்தையின் கட்டைவிரல் ஒரு அவரை விதை அளவு. அதுதான் அதற்கு அளவுகோல். எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்களே, அதை என் தங்கை தினமும் காலையில் கண்ணால் பார்த்தாள். "எல்லாக் குழந்தையும் தன்னோட நாடாவைக் கையில கொண்டுதான் வருதுக்கா" என்று அவள் சொன்ன அன்று எனக்கு இரவுவரை வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் ஊர் அவளை லேசில் நம்பவில்லை. வந்த புதிதில் அவளுக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. "தான் ஒண்ணு பெத்தவளுக்குத்தானே அடுத்தவ புள்ள வலி தெரியும்" என்று கிணற்றடியில் பேசுவார்கள். இருமலுக்கும் பேதிக்கும் வேறு வழியில்லாமல் வருவார்கள். கைக்குழந்தையை மட்டும் அவளிடம் கொடுக்கமாட்டார்கள். அந்த நிலை மாறியது 1981ஆம் வருடக் கடும் குளிரில், லெய் வீட்டுக் குழந்தையால். அன்று நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். என் தவறும் அதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

லெய் கிழவர் கோவேறு கழுதை வண்டி ஓட்டுபவர். மனைவி இல்லை. மகன் தொலைவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. மருமகள் ஹோங்யே முதலில் பெற்றது நாற்பதாம் நாளில் போயிற்று. இரண்டாவது எட்டு மாதத்தில் போயிற்று. மூன்றாவதாகப் பிறந்த பையனுக்குத் தியேதான், அதாவது இரும்பு முட்டை, என்று பெயர் வைத்தார்கள். இரும்பை எந்தக் கெட்ட ஆவியும் தின்ன விரும்பாது அல்லவா. அத்தோடு விடாமல் கிழவர் நூறு வீடு ஏறி இறங்கினார். வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி வாங்கி, நூறு துண்டையும் சேர்த்துப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையைப் போட்டால் நூறு வீட்டின் ஆயுசும் குழந்தைக்குச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. துண்டுகளை மூட்டையாகக் கட்டி என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"துவான் வீட்டுப் பொண்ணே, முறை தெரியுமில்ல? குடுத்தபடியே தைக்கணும். வெட்டாதே, துவைக்காதே, பிரிக்காதே."

"தெரியும் பெரியப்பா. நான் என்ன நேத்து வந்தவளா?"

எங்கள் ஊர் முறை அது. கொடுத்தவர் கை பட்ட துண்டை நறுக்கினால் அந்த வீட்டு ஆயுசையும் நறுக்கியதாகும். முப்பதாம் நாள் போட்ட சட்டையை நூறாம் நாள்வரை குழந்தையின் மேலிருந்து கழற்றவும் கூடாது.

எழுபத்தோராம் நாள் காலை, தங்கைக்குச் சாப்பாடு கொடுக்க நான் சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். வெளியே கழுதை வண்டி நின்றது. உள்ளே மேசை மீது தியேதான். பக்கத்தில் ஹோங்யே. கதவருகே கிழவர், கையில் சாட்டையோடு. மூத்த டாக்டர் கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்ததால் வேறு வழியின்றித்தான் என் தங்கையிடம் வந்திருந்தார்கள்.

"ஆறு நாளா அழுவுறான் அக்கா" என்றாள் ஹோங்யே. அவள் குரலே வற்றியிருந்தது. "மல்லாக்கப் படுக்கவெச்சா உயிர் போற மாதிரி கத்துறான். தோள்ல குப்புறப் போட்டாத்தான் கொஞ்சம் அடங்குறான். நேத்துலேருந்து பால் வாயில வெச்சாலும் உறிய மாட்டேங்குறான்."

"பயந்துட்டான், வேற ஒண்ணுமில்ல" என்றார் கிழவர். "பக்கத்து வீட்டுல பன்னி அறுத்தாங்க. அந்தச் சத்தத்துல ஆவி பறந்திருக்கு. நீ ரெண்டு குத்து குத்தி அனுப்பு, போதும்."

தங்கை குழந்தையின் சுட்டுவிரலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மணிக்கட்டில் நாடி பார்ப்பதைவிட அந்த விரலில் ஓடும் மெல்லிய நரம்புக்கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

"பயந்த கொழந்தைக்கு இந்தக் கோடு கருநீலமா இருக்கும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. இவனுக்கு அப்படி இல்ல, பெரியப்பா. சட்டையைக் கழட்டுங்க. முதுகைப் பாக்கணும்."

"கழட்டக்கூடாது."

"பின்பக்கம் தூக்கியாவது..."

"நூறு நாள் ஆகல. ரெண்டு புள்ளையை மண்ணுல வெச்ச வீடு இது. நீ பெத்திருந்தா இப்படிக் கேக்கமாட்டே."

என் முகம் சுட்டது. தங்கை மட்டும் சிரித்தாள். "பெரியப்பா, உங்க கழுதைக்குச் சூடு வந்தா நீங்கதானே வைத்தியம் பாக்குறீங்க? அதுக்காக நீங்க கழுதையாப் பொறந்தீங்களா?"

ஹோங்யே அந்த நிலையிலும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் சாட்டையைக் கைமாற்றினார்.

"சரி, கழட்ட வேணாம். கண்ணால பாக்குறத கையால பாக்குறேன்" என்று சொல்லி, உள்ளங்கைகளைத் தேநீர்க் குடுவையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையைத் தன் மடியில் குப்புறப் போட்டாள். சட்டைக் கழுத்து வழியாக வலது கையை உள்ளே விட்டாள். முதுகெலும்பு முடிச்சுகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு போனாள். மூன்றாவது முடிச்சுக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறது; உடம்பின் தூண் என்று அதற்குப் பெயர். திடுக்கிடும் குழந்தைக்கு அங்கேதான் குத்துவார்கள்.

கை நின்றுவிட்டது. சட்டைக்குள் அவள் விரல்கள் எதையோ கிள்ளிப் பிடிப்பது துணியின் மேடு அசைந்ததில் தெரிந்தது. பிறகு அவள் பேசினாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"எனக்கு முன்னாடியே இங்க ஒரு ஊசி இருக்கு."

"என்ன உளர்றே?" என்றார் கிழவர்.

"தோலுக்கு அடியில. ஒடஞ்ச ஊசி. மேல நுனி எதுவும் நீட்டல, முழுசா உள்ள போயிட்டுது. அவன் மூச்சு விட்டா என் விரலுக்கு அடியில நகருது. நான் தோலோட சேத்துப் புடிச்சிருக்கேன். விட்டா உள்ள போயிடும். உள்ள போனா அடுத்தது நெஞ்சுதான்."

குழந்தை முனகியது.

"அக்கா" என்றாள் என்னைப் பார்க்காமலே. "உன் கத்தரி எங்க?"

என் கத்தரிக்கோல் எப்போதும் என் பையில்தான் இருக்கும். எடுத்தேன். கிழவர் குறுக்கே வந்து நின்றார்.

"வெட்டுனா ஆயுசு போயிடும்!"

"பெரியப்பா, என் கை இந்தச் சட்டைக்குள்ள இருக்கு. சட்டை இழுத்தா கை நழுவும். இன்னும் எத்தனை நேரம் புடிக்கணுமோ தெரியாது. நூறு வீட்டு ஆயுசு வேணுமா, இவன் ஆயுசு வேணுமா? சீக்கிரம் சொல்லுங்க. நான் வாதாட்டத்துக்கு வரல."

ஹோங்யே அவரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்து இழுத்து மேசைக்குக் கொண்டுபோனாள். "வெட்டுங்க அக்கா. நான் பெத்தவ சொல்றேன், வெட்டுங்க."

என் வாழ்நாளில் நான் வெட்டியதிலேயே கடினமான வெட்டு அது. கழுத்திலிருந்து தொடங்கி, துணியை ஒரு முடியளவும் இழுக்காமல், கத்தரியின் கீழ் அலகைத் தங்கையின் விரல்மேல் வைத்து நகர்த்திக்கொண்டு போனேன். நானே இட்ட தையல்களை நானே அறுத்தேன். முதுகு திறந்தது. மூன்றாவது முடிச்சின் பக்கத்தில் கொசுக்கடி போல ஒரு சிவந்த புள்ளி. அதைச் சுற்றித் தங்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தோலை மடித்துப் பிடித்திருந்தன.

வெட்டி எடுத்த துணியில் அந்த இடத்துக்கு நேரே இருந்தது ஒரு நீலத் துண்டு. செருப்பு அடிப்பகுதிக்காகக் கஞ்சி போட்டு ஒட்டிய இரட்டைத் துணி. தைக்கும்போது அதில் ஏதோ கெட்டியாக என் விரலில் தட்டுப்பட்டது எனக்கு நினைவிருந்தது. கஞ்சி காய்ந்த கட்டி என்று நினைத்தேன். பிரித்துப் பார்க்கக் கூடாதே என்று அப்படியே தைத்தேன். இப்போது பிரித்தேன். காதுள்ள பாதி ஊசி, துருவேறி, இரண்டு அடுக்குக்கும் நடுவே கிடந்தது.

அதை என் கைக்குள் மூடிக்கொள்ள ஒரு கணம் மனம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். அப்போது தங்கை கேட்டாள்: "உள்ள எவ்வளவு நீளம் இருக்கும்னு தெரிஞ்சா நல்லது. ஆஸ்பத்திரியில முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

நான் கையைத் திறந்து மேசைமேல் வைத்தேன். "இது நான் தைச்ச சட்டைக்குள்ள இருந்தது. நான் பாத்திருக்கணும். நம்ம ஊர்க் கடையில விக்கிற ஊசி ஒரே வகைதான், முப்பத்தெட்டு மில்லிமீட்டர். இது பதினெட்டு இருக்கு. உள்ள இருபது."

கிழவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் எழுத முடியாது. சாட்டை பிடித்த கை மேலே போனது.

"என்னை அடிக்கணும்னா அப்புறம் அடிங்க, நான் நிக்கிறேன்" என்றேன்.

"யாரும் யாரையும் அடிக்க வேணாம்" என்றாள் தங்கை. "வண்டியில பஞ்சு மெத்தை எத்தனை இருக்கோ அத்தனையும் போடுங்க பெரியப்பா. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

வாசலில் கூடிவிட்ட கூட்டத்தில் ஒருவர் டிராக்டர் தருவதாகச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார். தங்கை தலையசைத்து மறுத்தாள். அந்த உதறலில் ஊசி எங்கே போகும் என்று தெரியாது. பதினெட்டு கிலோமீட்டர். உறைந்த மண்பாதை. கழுதை வண்டியில் நான்கு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல ஒருவர் ஓடினார். நான்கு பேர் தங்கையை நாற்காலியோடு தூக்கி வண்டியில் இறக்கினார்கள். அவள் மடியில் குழந்தை குப்புற. மேலே போர்வை. போர்வைக்குள் அவள் வலது கை.

அந்த நான்கு மணி நேரத்தை நான் எதோடு ஒப்பிடுவது? ஒரு பொத்தானை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்து பாருங்கள், தெரியும். அழுத்திப் பிடித்தால் குழந்தைக்கு வலித்து அழும். அழுதால் முதுகுத் தசை இறுகி ஊசியை உள்ளே தள்ளும். லேசாகப் பிடித்தால் நழுவும். குழந்தையோ மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு நாற்பது தடவை அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குகிறது. விரல் அசையாமல் இருந்தால் தோல் இழுபடும். ஆகவே விரலும் ஏறி இறங்க வேண்டும். பாதி வழியில்தான் நான் கவனித்தேன்: தங்கையின் தோளும் நெஞ்சும் அதே வேகத்தில் அசைந்தன. அவள் குழந்தையின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்த பெண் ஒருத்தி நிமிடத்துக்கு நாற்பது மூச்சு விட்டால் தலை சுற்றும். அவள் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ரூய்லியான், கொஞ்ச நேரம் நான் புடிக்கட்டுமா?"

"கை மாத்துற நேரத்துல போயிடும்கா." மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னாள்.

இடது கையும் சும்மா இல்லை. அதன் கட்டைவிரல் குழந்தையின் உள்ளங்கையில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சுட்டுவிரல் நுனியிலிருந்து கீழே ஒரு தடவல், மறுபடி வட்டம். அந்தத் தடவல் நின்றால் குழந்தை முனகும். தொடர்ந்தால் அடங்கும். ஹோங்யே வண்டியின் அடித்தட்டில் முழங்காலிட்டு, பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, தேநீர்க் கரண்டியால் சொட்டுச் சொட்டாக அதன் கடைவாயில் விட்டாள். எத்தனை கரண்டி என்று எண்ணினேன். எண்பத்து மூன்று. எண்ணுவதைத் தவிர எனக்கு அந்த வண்டியில் வேலை இல்லை.

கிழவர் முன்னால் நடந்தார். அவர் ஊரிலேயே பெரிய வாய்க்காரர். கழுதையை அவர் திட்டினால் அடுத்த ஊரில் கேட்கும். முதல் மேட்டில் வழக்கம்போல வாயைத் திறந்தார். குழந்தை துள்ளியது.

"பெரியப்பா, கத்தாதீங்க!"

அதன்பிறகு அந்த மனிதர் கழுதையின் காதுக்குள் வாயை வைத்துக் குசுகுசுவென்று திட்டிக்கொண்டு வந்தார். "அடி நாசமாப் போறவளே... மெதுவா... உன் அம்மா எந்தக் கழுதையோட ஓடுனாளோ... கல்லு இருக்கு பாரு, அந்தப் பக்கம் வை காலை... உன்னைத் தோலுரிச்சுப் பறை கட்டல... நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு..." அத்தனை கெட்ட வார்த்தையையும் தாலாட்டுப் போல ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஹோங்யே கண்ணீரோடு சிரித்துவிட்டாள். தங்கையின் வாயோரமும் ஒரு கணம் வளைந்தது. மூச்சின் தாளம் மட்டும் தவறவில்லை.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் சக்கரத் தடங்கள் பாறையாக உறைந்திருந்தன. கிழவர் கழுதையின் கயிற்றை என்னிடம் கொடுத்து மெல்ல நடத்தச் சொன்னார். தானே வண்டியின் அச்சுக்குக் கீழே தோளைக் கொடுத்தார். ஒவ்வொரு தடத்திலும் சக்கரம் இறங்கும்போது வண்டி விழாமல், தன் முதுகின் மேல் வாங்கி மெல்ல இறக்கினார். பதினோரு தடம். அறுபத்து மூன்று வயது அவருக்கு. எழுந்தபோது தோள் பக்கம் சட்டை கிழிந்து, உள்ளே வைத்த பஞ்சு இரத்தத்தில் சிவந்திருந்தது. அவர் போர்வையைத் தூக்கி எட்டிப்பார்த்தார். தங்கையின் விரல்கள் இரண்டும் இரத்தம் ஓடாமல் மெழுகு போல இருந்தன. தன் தலையிலிருந்த செம்மறித்தோல் தொப்பியைக் கழற்றி, அவள் முழங்கையைச் சுற்றிப் போர்த்திவிட்டுக் கழுதையிடம் போனார். மீதி வழி முழுவதும் அந்தக் குளிரில் வெறுந்தலையோடு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் தயாராகக் காத்திருந்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அறுவை மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். ஊசி சாய்வாக உள்நோக்கி நின்றது. நுனிக்கும் நெஞ்சறைக்கும் நடுவே ஒரு அரிசியின் அகலம்கூட இல்லை என்று பின்னால் சொன்னார்.

"எப்பலேருந்து பிடிச்சிருக்கீங்க?"

"காலையில ஒன்பதே கால்லேருந்து" என்றேன் நான். சுவரில் மணி இரண்டு.

அவர் என் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். "விடாதீங்க. என் இடுக்கி பிடிச்சதும் நான் சொல்றேன். அதுவரைக்கும் உங்க விரலும் இந்தக் குழந்தையோட உடம்புதான்."

அப்படித்தான் செய்தார்கள். குழந்தையின் முதுகோடு சேர்த்து அவள் விரல்களுக்கும் பழுப்பு மருந்தைத் தடவி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. ஹோங்யே சுவரோரம் குந்தினாள். கிழவர் நின்றுகொண்டே இருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவர்கள் பக்கத்தில் உட்கார எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

நாற்பது நிமிடம். கதவு திறந்தது. மருத்துவர் ஒரு பஞ்சுத் துணியில் கறுத்த ஒரு கோட்டைக் காட்டினார். அளவுகோலை வைத்தார். பத்தொன்பதரை.

"நுரையீரலைத் தொடல. மயக்கம் தெளிஞ்சதும் பால் குடுக்கலாம். பொழச்சுக்குவான்."

ஹோங்யே எழ முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார் மருத்துவர். "நான் விடுங்கன்னு சொன்ன பிறகும் உங்க டாக்டரம்மாவால விரலைத் திறக்க முடியல. நர்ஸ் ஒவ்வொரு விரலாப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இரும்பு இடுக்கிகூட இப்படிப் பிடிச்சு நான் பாத்ததில்ல."

என் மார்பு விம்மியதை நான் மறைக்கவில்லை. "எங்க வீட்டுக் கடைக்குட்டி" என்றேன். கேட்காமலே சொன்னேன்.

தங்கையை வெளியே கொண்டுவந்து மர பெஞ்சில் உட்காரவைத்தார்கள். "அக்கா, பசிக்குது" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் காடி ஊற்றிய நூடுல்ஸ் ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். குச்சிகளை அவளால் பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டினேன். பாதிக் கிண்ணத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கிழவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். தொப்பியில்லாத தலையில் பனித்தூள் உருகிக்கொண்டிருந்தது. சட்டைக்குள்ளிருந்து நான் வெட்டிய அந்த நூறு வீட்டுச் சட்டையின் துண்டுகளை எடுத்து என் மடியில் வைத்தார். சுகாதார நிலையத்து மேசையிலிருந்து அவர் அவற்றைச் சுருட்டி எடுத்து வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது.

"திருப்பித் தைச்சுக் குடு" என்றார்.

"பெரியப்பா... நானா?"

"வேற யாரு இருக்கா ஊருல? இந்தத் தடவ எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துத் தை. துவைச்சுத் தை. யாராவது கேட்டா லெய் கிழவன் சொன்னான்னு சொல்லு." பிறகு என் தோளில் தூங்குகிறவளைப் பார்த்தார். குரலைக் கழுதையிடம் பேசியது போலவே தாழ்த்திக்கொண்டார். "ஒரு துண்டு குறையும், அந்த நீலத் துண்டை நான் அடுப்புல போட்டுடுவேன். அதுக்குப் பதிலா இவளோட துணியில ஒரு துண்டு வெச்சுத் தை. பெரிசா வேணாம். நெஞ்சுக்கு நேரா வை."

நான் தலையாட்டினேன். கண்ணீர் மறைத்ததால் அவர் போனதைப் பார்க்கவில்லை.

தங்கையின் வலது கை என் மடியில், அந்தத் துண்டுகளின் மேல் கிடந்தது. நர்ஸ் பிரித்துவிட்ட கட்டைவிரலும் சுட்டுவிரலும் தூக்கத்தில் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. குழந்தை மூன்று கதவுகளுக்கு அப்பால் இருந்தது. அவளுடைய மூச்சு இப்போது நீண்டு, ஆழமாக, அவளுடையதாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இரண்டு விரல்கள் மட்டும் நிமிடத்துக்கு நாற்பது தடவை மெல்ல ஏறி இறங்கின. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று முறை எண்ணினேன். நாற்பதேதான்.